ஓடிப்போனவர்களா, வெளியேறியவர்களா?

(முதல் தலைமுறை ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆங்கில இலக்கணத்தில் ஒரு சின்னப் பகுதியைப் பற்றிப் பேசப் போகிறேன். சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இலக்கண வகுப்பு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். நாம் எழுதும் உண்மை அறியும் குழு அறிக்கைகள், ஆணையங்களுக்கு அனுப்பும் மனுக்கள், பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பங்கள் எல்லாம் கடைசியில் ஆங்கிலத்தில்தான் போய் நிற்கின்றன. அங்கே ஒரு வினைச்சொல் மாறினால் குற்றம் செய்தவர் காணாமல் போய்விடுகிறார். அதனால்தான் இந்தப் பேச்சு.

பள்ளியில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று ஒரு பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். கெட், ரன், கோ, வாக் என்று ஒரு சாதாரண வினைச்சொல். அதற்குப் பின்னால் அவே, அவுட், ஆஃப், அப் என்று ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் தனித்தனியாக நமக்குத் தெரியும். சேர்ந்தால் பொருள் மாறிவிடும். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். யார் யாரைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் வருகிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு இடத்தை விட்டுப் போவதைக் குறிக்கும் சொற்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நகரவே முடியாது.

மூன்று ஒட்டுச் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘அவே’ என்றால் அப்பால். எதற்கு அப்பால்? பேசுகிறவர் நிற்கும் இடத்துக்கு, அல்லது அவர் மையம் என்று நினைக்கும் இடத்துக்கு அப்பால். ‘கோ அவே’ என்று ஒருவர் சொன்னால், அவர் அங்கேயே நிற்கிறார், நீதான் நகர வேண்டும். ‘அவுட்’ என்றால் வெளியே. வெளியே என்று ஒன்று இருந்தால் உள்ளே என்று ஒன்று இருக்க வேண்டும். சுவரோ வேலியோ வாசலோ இருக்க வேண்டும். ‘ஆஃப்’ என்றால் ஒட்டியிருந்தது பிரிவது. சட்டையிலிருந்து பொத்தான் பிய்ந்து வருவதுபோல. ஆகவே ‘ரன் அவே’, ‘கெட் அவுட்’, ‘ரன் ஆஃப்’ மூன்றையும் தமிழில் ‘போய்விட்டான்’ என்று முடித்துவிடலாம் என்றாலும், மூன்றுக்குள்ளும் வேறு வேறு ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் முனைவர் பட்ட ஆய்வு, அமெரிக்காவில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அடிமை உரிமையாளர்கள் பத்திரிகைகளில் கொடுத்த விளம்பரங்களின் மொழியைப் பற்றியது. தங்களை விட்டுப் போனவர்களைப் பிடித்துக் கொடுத்தால் பணம் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் அவை. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘ரன் அவே’.

ஒன்றைச் சொல்கிறேன். 1769 செப்டம்பரில் ‘வெர்ஜீனியா கெஜட்’ பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. சாண்டி என்ற ஆள், வயது சுமார் 35, குள்ளமான உருவம், செருப்புத் தைக்கும் தொழிலாளி, இடது கைப் பழக்கம் உள்ளவர், முரட்டுத் தச்சு வேலையும் கொஞ்சம் தெரியும், ஒரு வெள்ளைக் குதிரையையும் தன் தொழில் கருவிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்கிறது விளம்பரம். உள்ளூரில் பிடித்தால் 40 ஷில்லிங், காலனிக்குள் வேறெங்காவது பிடித்தால் 4 பவுண்டு, வேறு காலனியில் பிடித்தால் 10 பவுண்டு. கீழே தாமஸ் ஜெபர்சன் என்று பெயர். அப்போது அவருக்கு 26 வயது. ஏழு ஆண்டுகள் கழித்து, எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர் அவர்தான். சாண்டி பிடிபட்டார். 1773-ல் ஜெபர்சன் அவரை 100 பவுண்டுக்கு விற்றார்.

இந்த விளம்பரங்களின் முதல் வரி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: கீழே கையொப்பமிட்டிருப்பவரிடமிருந்து ஓடிப்போனவன். மையம் எங்கே இருக்கிறது பாருங்கள். சாண்டி எங்கே போனார், எதை நோக்கிப் போனார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. யாரிடமிருந்து போனார் என்பதுதான் செய்தி. ‘அவே’ என்ற சின்னச் சொல் எஜமானின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அதே பத்திரிகைகளில் காணாமல் போன குதிரைகளுக்கும் விளம்பரம் வரும். குதிரைக்கு அவர்கள் எழுதுவது ‘ஸ்ட்ரேடு’, வழிதவறிவிட்டது என்று. மனிதருக்கு ‘ரன் அவே’. சட்டப்படி இரண்டும் உடைமைதான். ஆனாலும் ஓடிப்போக ஒரு முடிவு வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், துணிச்சல் வேண்டும். ஓடியவரைப் பிடிக்க வேண்டுமென்றால் அவர் என்ன தொழில் தெரிந்தவர், எப்படிப் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியுமா, சுதந்திரமானவர் என்று சொல்லி ஏமாற்றக்கூடியவரா என்றெல்லாம் எழுதியாக வேண்டும். சட்டம் பொருள் என்று சொன்னதை விளம்பரம் மனிதர் என்று ஒப்புக்கொள்கிறது, ஒப்புக்கொள்ள விருப்பம் இல்லாமலே.

அதைச் சரிக்கட்ட ஆங்கிலம் ஒரு வழி வைத்திருந்தது. ‘ரன் அவே’ என்ற வினையைச் சேர்த்து எழுதினால் ‘ரனவே’ என்ற பெயர்ச்சொல் கிடைத்துவிடும். ஒரு இரவில் செய்த காரியம் ஆயுள் முழுவதற்கும் பெயராகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இது நம் விடுதிக்கும் வரும்.

அடுத்தது ஓனா ஜட்ஜ். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டில் அடிமையாக இருந்த இளம்பெண். 1796 மே 21 அன்று பிலடெல்பியாவில், வாஷிங்டன் குடும்பம் இரவு உணவுக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் வெளியேறினார். சில நாட்களில் விளம்பரம் வந்தது. அதில் வரும் ஃப்ரேசல் வெர்ப் ‘கோயிங் ஆஃப்’. இவள் இப்படிப் போவாள் என்ற சந்தேகமே எங்களுக்கு இல்லை, அப்படிப் போவதற்கு எந்தத் தூண்டுதலும் இல்லை என்கிறது அந்த விளம்பரம். உண்மையில் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் பேத்திக்கு அவரைக் கொடுத்துவிட ஏற்பாடு ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் இதற்கு ‘கிவ் அவே’. எஜமானி ஒருவரை ‘கிவ் அவே’ செய்வது குடும்ப விஷயம். அந்த ஒருவர் தானாகவே போனால் அது காரணமே இல்லாத ‘கோயிங் ஆஃப்’. ஓனா பிடிபடவில்லை. நியூ ஹாம்ப்ஷையரில் வாழ்ந்து 1848-ல் இறந்தார். இறக்கும் நாள்வரை சட்டத்தின் கணக்கில் அவர் அடிமைதான்.

சட்டம் என்ன சொன்னது? அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூல வடிவத்தில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஒரு மாநிலத்தில் வேலைக்குக் கட்டுப்பட்டவர் இன்னொரு மாநிலத்துக்குத் தப்பிப் போனால், உரிமை கோருபவரிடம் அவரை ஒப்படைக்க வேண்டும் என்ற பிரிவு உண்டு. அங்கே வரும் சொல் ‘டெலிவர்டு அப்’. 1850-ல் வந்த சட்டம் இதை இன்னும் இறுக்கியது. பிடித்து வரப்பட்டவரை உரிமையாளரோடு அனுப்ப உத்தரவிட்டால் விசாரணை ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். மறு ஆண்டே மருத்துவமும் உள்ளே வந்தது. 1851-ல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் ஓடிப்போவது ஒரு மனநோய் என்று எழுதி அதற்கு ‘டிராப்டோமேனியா’ என்று பெயரும் வைத்தார். அவர் சொன்ன தீர்வுகளில் சாட்டையடியும் ஒன்று. பத்திரிகை, சட்டம், மருத்துவம் மூன்றும் ஒரே வினைச்சொல்லைச் சுற்றிக் காவல் நின்றன.

அப்படியானால் அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் என்ன செய்தார்கள்?

பிரெடரிக் டக்ளஸ் 1838 செப்டம்பர் 3 அன்று மாலுமி உடையில், இன்னொருவரின் சான்றிதழை வைத்துக்கொண்டு, பால்டிமோரிலிருந்து ரயிலேறி விடுதலை அடைந்தவர். 1840களில் அடிமை ஒழிப்பு மேடைகளில் பேசியபோது, தன்னை ஒரு திருடன், கொள்ளைக்காரன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். எதைத் திருடினார்? இந்தத் தலையை, இந்தக் கைகால்களை, இந்த உடம்பை எஜமானிடமிருந்து திருடி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன் என்றார். அங்கே அவர் பயன்படுத்தியது ‘ரன் ஆஃப் வித்’. ஆங்கிலத்தில் திருடன் பணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் வரும் சொல் அது. எஜமானின் சொல்லை அவர் மறுக்கவில்லை. அப்படியே எடுத்து, திருட்டுப் போன பொருள் எது என்பதை மட்டும் கூட்டத்துக்குக் காட்டினார். தன் உடம்பைத் தானே எடுத்துக்கொண்டு போவது திருட்டு என்றால், திருடன் யார் என்பதைக் கேட்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

ஹாரியட் டப்மன் 1849-ல் தப்பினார். அவரை வரலாறு நினைவில் வைத்திருப்பது அதற்காக மட்டுமில்லை. சுமார் 13 முறை மேரிலாந்துக்குத் திரும்பிப் போய் ஏறத்தாழ 70 பேரை அழைத்து வந்தார். ‘ரன் அவே’ செய்தவர் ‘கோ பேக்’ செய்தார். நம் இயக்கத்திலும் இந்த ‘பேக்’ உண்டு. கன்ஷிராம் தொடங்கிய பாம்செஃப் அமைப்பு, படித்து அரசு வேலைக்குப் போனவர்களிடம் வைத்த கோரிக்கையே ‘பே பேக் டு சொசைட்டி’தானே.

1935-ல் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் ‘பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற நூலை வெளியிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது அடிமைகள் லட்சக்கணக்கில் தோட்டங்களை விட்டு வடக்கு ராணுவத்தின் பக்கம் வந்தார்கள். அதுவரை அது ‘ரன் அவே’ கணக்கில்தான் எழுதப்பட்டது. வடக்கு ராணுவத் தளபதி ஒருவர் 1861-ல் அவர்களை ‘கான்ட்ராபேண்ட்’ என்று வகைப்படுத்தினார். எதிரியிடமிருந்து கைப்பற்றிய சரக்கு என்று பொருள். திருப்பி அனுப்பாமல் இருக்க அது உதவியது, ஆனால் அப்போதும் சரக்குதான். டு போய்ஸ் இதே நிகழ்வை எடுத்து, அந்த அத்தியாயத்துக்குப் ‘பொது வேலைநிறுத்தம்’ என்று பெயர் வைத்தார். உழைப்பவர்கள் உழைப்பை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். தெற்கின் பொருளாதாரம் சரிந்தது. போரின் போக்கு மாறியது என்பது அவர் வாதம். நடந்த கால்கள் அவைதான், நடந்த பாதையும் அதுதான். ‘ரன் அவே’ இருந்த இடத்தில் ‘வாக் அவுட்’ வந்து உட்கார்ந்தது. இன்றைக்கு அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைகூட இவர்களைச் ‘சுதந்திரம் தேடியவர்கள்’ என்று எழுதுகிறது.

பாபாசாகேப் 1935-ல் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் ஏற்றார். இடையில் 21 ஆண்டுகள். முன்கூட்டியே அறிவித்து, ஆண்டுக்கணக்கில் விவாதித்து, பகலில், கூட்டமாக வெளியேறுவதை எந்த ஆங்கிலத்திலும் ‘ரன் அவே’ என்று சொல்ல முடியாது. மதமாற்றம் தப்பித்தல்வாதம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் எந்த வாசலில் நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இனி, மேலே இருப்பவர்கள் ஒரு இடத்தை விட்டுப் போகும்போது வரும் சொற்களைக் கவனியுங்கள். அமைச்சர் ‘ஸ்டெப் டவுன்’ செய்வார். கம்பெனி ‘புல் அவுட்’ செய்யும். அமெரிக்க நகரங்களில் கறுப்பினக் குடும்பங்கள் ஒரு தெருவில் குடியேறியதும் வெள்ளைக் குடும்பங்கள் ‘மூவ் அவுட்’ செய்தன. இவற்றில் மூச்சிரைப்பு இல்லை. பெட்டி கட்ட நேரம் இருக்கிறது. யாரும் இவர்களைப் பிடித்துக் கொடுக்க விளம்பரம் தருவதில்லை.

இவர்களுக்கென்றே இன்னொரு சொல்லும் உண்டு: ‘கெட் அவே வித்’. வெறும் ‘கெட் அவே’ என்றால் தப்பிச் செல்வது. ‘வித்’ சேர்ந்தால், தப்பு செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் இருப்பது. அதற்கு ஓட வேண்டியதில்லை, ஊரை விட்டு நகரக்கூட வேண்டியதில்லை. 1955-ல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றவர்களை, வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது. சில மாதங்களில் அவர்களே பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு மறுபடி வழக்கு நடத்த முடியாது. இதுதான் ‘கெட் அவே வித்’. இதைத் தமிழர்களுக்கு விளக்க அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில் மிராசுதார்கள் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்கள். கொன்றவர்கள் ஊரிலேயே இருக்க, தப்பித்தவர்கள் ஊரை விட்டுப் போவது இரண்டு நாடுகளிலும் நடந்தது.

நம் மொழியிலும் இந்தச் சிக்கல் உண்டு. ‘தப்பு’ என்றால் குற்றம். ‘தப்புவது’ என்றால் உயிரோடு மீள்வது. ‘பிழை’ என்றால் தவறு. ‘பிழைப்பது’ என்றால் உயிர்வாழ்வது. தப்பியவரையும் பிழைத்தவரையும் தமிழ் அரைக்கண்ணால் சந்தேகமாகப் பார்க்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சாதி மறுத்துத் திருமணம் செய்த பெண்ணை ஊர் ‘ஓடிப்போயிட்டா’ என்கிறது. வயது வந்த ஒருவர் தன் விருப்பப்படி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதைச் சொல்ல, டக்ளஸ் கிண்டல் செய்த அதே ‘ரன் ஆஃப் வித்’ நம்மிடமும் இருக்கிறது. பெண் உடைமை, கூட்டிப்போனவன் திருடன். ஆனால் அதே தமிழில் சங்க அக இலக்கணம் இந்தச் செயலுக்கு ‘உடன்போக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறது. சேர்ந்து போவது, அவ்வளவுதான். ஓட்டமும் இல்லை, திருட்டும் இல்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. உடன்போக்கு என்று பார்க்காமல் ஓடிப்போனது என்று பார்க்கும் கண்ணுக்குத்தான் தீ வைக்கக் காரணம் கிடைக்கிறது.

செங்கல் சூளையிலிருந்து ஒரு குடும்பம் வெளியேறினால் முதலாளி சொல்வது என்ன? ‘அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிட்டான்.’ 1859-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் வந்த 13ஆவது சட்டம் இந்தக் குரலில்தான் பேசியது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறைக்கு அனுப்ப அது வழி செய்தது. 1925-ல்தான் அதை நீக்கினார்கள். 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. அந்தச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது; கொத்தடிமையாக இருந்தவர் விடுதலை பெற்றவர். ஆகவே சூளையை விட்டு வந்த குடும்பத்தைப் பற்றி ‘ரன் அவே’ என்று ஒரு அறிக்கை எழுதினால், 1976-ல் இருந்துகொண்டு 1859-ன் மொழியில் எழுதுகிறோம் என்று பொருள்.

இப்போது நம் வேலைக்கு வருகிறேன். உண்மை அறியும் குழு அறிக்கைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். தமிழ் வரைவில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்: ‘தாக்குதலுக்குப் பிறகு மக்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.’ இதை நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம். வெறும் ‘லெஃப்ட்’ என்று எழுதினால் எங்கோ கல்யாணத்துக்குப் போனதுபோல் இருக்கும். ‘மூவ்டு அவுட்’ என்றால் வேறு வீடு பார்த்துக் குடிபோனதுபோல் இருக்கும். ‘ரான் அவே’ என்றால் பயந்தாங்கொள்ளிகள், அல்லது இவர்களே ஏதோ குற்றம் செய்தவர்கள் என்று ஒலிக்கும். ‘டிரிவன் அவுட்’ என்றால் விரட்டப்பட்டார்கள்.

இது சொல்லழகு பற்றிய விஷயம் இல்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்களை அவர்களுடைய வீட்டை, ஊரை, குடியிருப்பை விட்டுப் போகும்படி கட்டாயப்படுத்துவது குற்றம். போக நேரும்படி செய்வதும் குற்றம். 2015 திருத்தத்துக்குப் பிறகு அது பிரிவு 3(1)(z). ‘மூவ்டு அவுட்’ என்று நாமே எழுதிக் கொடுத்தால் இந்தப் பிரிவைப் பயன்படுத்த முதல் தடையை நாமே போட்டுவிடுகிறோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நம் அறிக்கையையே எடுத்து, அவர்கள் தாங்களாகத்தான் போனார்கள் என்று வாசிப்பார். ‘டிரிவன் அவுட்’ கூடப் பாதிதான். யாரால் விரட்டப்பட்டார்கள் என்பது அதில் விடுபட்டுப் போகலாம். சாட்சியம் இருக்கும் இடத்தில், இன்னார் இன்ன நாளில் இன்னது செய்து இவர்களை விரட்டினார்கள் என்று செய்தவரை எழுவாயாக வைத்து எழுத வேண்டும்.

கடைசியாக, விடுதி. 2023 டிசம்பரில் மக்களவையில் அரசு கொடுத்த பதிலின்படி, ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.க்கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவு மாணவர்கள் 13,600-க்கும் மேற்பட்டோர் படிப்பை இடையில் விட்டிருக்கிறார்கள். மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, அவர்கள் தேர்ந்தெடுத்து வேறு நிறுவனத்துக்கோ வேறு படிப்புக்கோ மாறுகிறார்கள் என்று விளக்கம் சொல்லப்பட்டது. பத்திரிகைகள் எழுதியது ‘டிராப் அவுட்’. பழுத்த இலை தானாக விழுவதுபோல. ‘ரனவே’ போலவே இதுவும் பெயர்ச்சொல்லாகிவிட்டது. அவர் ஒரு டிராப் அவுட். 1960களில் அமெரிக்காவின் வசதியான வெள்ளை இளைஞர்கள் இதே சொல்லைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள், சமூகத்தை நான் உதறிவிட்டேன் என்ற பொருளில். உதறிவிட்டுத் திரும்பி வர அவர்களுக்கு வீடு இருந்தது. அமெரிக்கக் கல்வியாளர்கள் கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது ‘புஷ் அவுட்’ என்று மாற்றி எழுதத் தொடங்கினார்கள். மோனிக் மோரிஸ் கறுப்பினச் சிறுமிகள் பள்ளியிலிருந்து தள்ளப்படுவதைப் பற்றி எழுதிய நூலின் பெயரே ‘புஷ்அவுட்’.

என்னோடு படித்த ஒரு தோழர் மூன்றாம் ஆண்டில் ஆய்வை விட்டுப் போனார். அவருடைய உதவித்தொகை எட்டு மாதம் வரவில்லை. நெறியாளர் கையெழுத்துப் போட நாள் கடத்தினார். விடுதிப் பாக்கிக்கு நோட்டீஸ் வந்தது. துறைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘டிராப்டு அவுட்’ என்று இரண்டு சொல் இருக்கிறது. எட்டு மாதம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இப்போது அவர் மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்கிறார். அவருடைய முதல் வரைவில் ‘ஐ டிராப்டு அவுட்’ என்றுதான் இருந்தது. சேர்ந்து உட்கார்ந்து அதை மாற்றினோம். உதவித்தொகை எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை நிறுத்தப்பட்டது, எந்தத் தேதியில் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை, எந்தத் தேதியில் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள் என்று எழுதினோம். தேதிகள் வந்ததும் வினைச்சொற்கள் தானாகவே ஆள் மாறின. கடிதம் இந்த வாரம் போகிறது. முடிவு என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் அந்தக் கோப்பை நாளைக்கு யார் திறந்தாலும் பதிவேட்டில் உள்ள இரண்டு சொல்லோடு இந்தத் தேதிகளையும் படித்தாக வேண்டும்.

ஆகவே தோழர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். ஒரு அறிக்கையிலோ மனுவிலோ யாராவது ஒரு இடத்தை விட்டுப் போனார்கள் என்று எழுதும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சொல் யார் வாசலில் நின்று பார்க்கிறது? போகச் செய்தவர் இந்த வாக்கியத்தில் இருக்கிறாரா? போனவர் எதை நோக்கிப் போனார் என்பதற்கு இடம் இருக்கிறதா? ஓடியது வெட்கம் என்று நான் சொல்லவில்லை. உயிருக்கு ஓட வேண்டியிருந்தால் ஓடத்தான் வேண்டும், டக்ளஸ் அதை மேடையில் மறைக்கவில்லை. ஓடினோம் என்று நாம் சொல்லலாம். எதிலிருந்து, யாரால் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தை நிரப்ப விளம்பரம் கொடுப்பவர் தயாராக இருக்கிறார்.

அடுத்த சந்திப்புக்கு அவரவர் கையில் இருக்கும் ஒரு வரைவைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து திருத்துவோம்.

ஜெய் பீம்.